350 அடியில் நின்றுபோன எஞ்சின்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒற்றை எஞ்சின் கொண்ட ஒரு சிறு தனியார் விமானம், தரையை விட்டு எழும்பி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் எஞ்சின் சக்தியை முழுவதுமாக இழந்தது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். இருவருமே நடந்து வெளியே வந்தார்கள். விமானத்துக்குத்தான் பெரிய சேதம்.

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருப்பவன். இந்த விமானி என் மாணவர் அல்ல. சம்பவம் நடந்து இரண்டு வாரம் கழித்து, "மத்தவங்களுக்கு உதவும்னா எல்லாத்தையும் சொல்றேன்" என்று அவராகவே என்னிடம் வந்தார். மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். அவருடைய டேப்லெட்டில் நொடிக்கு நொடி பதிவான உயரமும் தடமும், கூட வந்த தம்பி கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்த வீடியோ, விமானத்தைப் பிரித்துப் பார்த்த பராமரிப்புப் பொறியாளரின் குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர், இடம், தேதி எதையும் அவர் விருப்பப்படியே விட்டுவிட்டேன்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி அப்படி நடக்காமல் தடுப்பதுதான், யார் மீதும் பழி போடுவதல்ல என்று சொல்கிறது. இந்தப் பதிவில் அவர் செய்த தவறுகளும் வருகின்றன. அவற்றையும் அந்த மனநிலையிலேயே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பின்னணி

விமானிக்கு 46 வயது. தனியார் விமானி உரிமம் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மொத்தம் 190 மணி நேரம் பறந்திருந்தார், அதில் பெரும்பகுதி இதே விமானத்தில்தான். நான்கு இருக்கைகள், மேலே பொருத்திய இறக்கை, 160 குதிரைத்திறன் எஞ்சின், அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர். இரண்டு இறக்கைகளிலும் டேங்க் இருக்கும்; அங்கிருந்து எரிபொருள் தன் எடையாலேயே கீழே இறங்கி எஞ்சினுக்கு வரும், பம்ப் கிடையாது. எளிமையான, நம்பகமான அமைப்பு.

ஐந்து பேர் சேர்ந்து வைத்திருக்கும் விமானம் அது. கொட்டகை கிடைக்காததால் வெட்டவெளியில் நின்றது. கடைசியாகப் பறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதில் மூன்று இரவு நல்ல மழை. டேங்க் இரண்டும் பாதிக்குச் சற்று மேல் இருந்தன.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் எல்லாமே அதோடு சேர்ந்தது. இரண்டு மாதம் முன்பு, யாரும் சொல்லாமலேயே, ஒரு பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு 3,000 அடி உயரத்துக்குப் போய், "புறப்பட்டதும் எஞ்சின் நின்றால்" என்ற பயிற்சியைச் செய்துபார்த்திருந்தார். ஏறிக்கொண்டிருக்கும் நிலையில் பயிற்றுநர் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டை) மூடுவார். நான்கு நொடி சும்மா இருக்க வேண்டும். பிறகு 45 டிகிரி சாய்த்து, புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்புவதாக வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும், திரும்பி முடிக்கும்போது 580 அடி இழந்திருந்தார். அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி செக்லிஸ்ட் அட்டையின் உள்ளே ஒட்டி வைத்திருந்தார். நான் பார்த்தேன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கோப்பையில் தெரிந்ததும் தெரியாததும்

விடிந்தும் விடியாத நேரம். டார்ச் வெளிச்சத்தில்தான் சுற்றிப் பார்த்தார். இந்த விமானத்தில் எரிபொருள் மாதிரி எடுக்க மூன்று இடங்கள்: இடது டேங்கின் அடி, வலது டேங்கின் அடி, எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள வடிகட்டிக் கிண்ணம். கையில் ஒரு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பை. அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியால் டேங்கின் அடி வால்வை அழுத்தினால் எரிபொருள் கோப்பைக்குள் இறங்கும்.

பார்க்க வேண்டியது தண்ணீர் இருக்கிறதா என்பதை. விமான பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் அடியில் தங்கிவிடும், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு பளிச்சென்று தெரியும். "அந்தக் கோட்டைத் தேடு" என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுக்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரும் கோட்டைத்தான் தேடினார். முதலில் இடது டேங்க். கோப்பையை டார்ச்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கோடு இல்லை, குமிழ் இல்லை, தூசி இல்லை. முகர்ந்தும் பார்த்தார், பெட்ரோல் வாடை அடித்தது. சரி என்று கழிவுக் கேனில் ஊற்றிவிட்டு வலது பக்கம் போனார். அங்கேயும் கோடு இல்லை. ஊற்றினார். வடிகட்டிக் கிண்ணத்திலும் அப்படியே.

முதல் கோப்பையில் கோடு தெரியாததற்குக் காரணம், அதில் இருந்தது முழுக்கத் தண்ணீர். இரண்டு திரவம் இருந்தால்தானே நடுவில் கோடு விழும்.

100எல்எல் என்ற வகை விமான பெட்ரோலுக்கு நீல நிறம் சேர்த்திருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் வெள்ளைப் பரப்புக்கு எதிரே பிடித்தால் அந்த நீலம் தெரியும். ஆனால் மிக வெளிறிய நீலம். மஞ்சள் நிற டார்ச்சில், அதுவும் பழகி மங்கிய கோப்பையில், தெரிந்ததாக நினைத்துக்கொள்வது சுலபம். வாடையையும் நம்ப முடியாது. கோப்பையின் சுவரில் ஒட்டியிருந்த பழைய பெட்ரோலே போதும், விரலில் பட்டதும் போதும். மூன்று மாதிரிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு நீலமாகவும் ஒன்று நிறமே இல்லாமலும் இருப்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாகக் கொட்டியதால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே மிஞ்சவில்லை.

இதை நாங்கள் ஊகமாகச் சொல்லவில்லை. பிறகு பொறியாளர் அந்தக் கழிவுக் கேனையே எடுத்துப் பார்த்தார். நீல பெட்ரோலுக்கு அடியில் ஒரு கோப்பை அளவு தண்ணீர் தெளிவாகத் தங்கியிருந்தது.

எஞ்சின் சோதனை

ஓடுபாதைக்குப் போகும் முன் செய்யும் எஞ்சின் சோதனையில் குறை எதுவும் இல்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னீட்டோக்களும் சரியாக இருந்தன. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்புரேட்டர் ஹீட் குமிழை இழுத்தால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) இறங்கியது, விட்டால் ஏறியது. புறப்படத் த்ராட்டிலை முழுதாகத் திறந்தபோதும் ஆர்பிஎம் எதிர்பார்த்த அளவில் இருந்ததாகச் சொன்னார். வீடியோவில் கேட்கும் சத்தமும் அதற்கு ஒத்துப்போகிறது.

டேங்கில் தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு நேரம் ஓடியது என்று தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாய் டேங்கின் அடித்தளத்தோடு ஒட்டி இருக்காது, கொஞ்சம் மேலே இருக்கும். விமானம் தரையில் நிற்கும்போது தண்ணீர் அந்த வாய்க்குக் கீழே படுத்திருக்கும். குழாயிலும் வடிகட்டியிலும் கார்புரேட்டரிலும் இருப்பது ஒன்பது நாளுக்கு முன் வந்த நல்ல பெட்ரோல். விமானம் வேகமெடுத்து, மூக்கைத் தூக்கி ஏறத் தொடங்கியதும் தண்ணீர் பின்பக்கமாகச் சரிந்து குழாய்க்குள் புகுந்துவிடும். தரையில் எவ்வளவு நேரம் சோதித்தாலும் இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கண்டுபிடிக்கும் இடம் கோப்பைதான்.

புறப்படும் முன் சொன்ன நான்கு வாக்கியம்

ஓடுபாதையின் முனையில் நின்றபோது அவர் சத்தமாகப் பேசுவது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. காற்று நேர் எதிரே, சுமார் எட்டு நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). அவர் சொன்னது இதுதான்:

"ஓடுபாதையில் இருக்கும்போதே ஏதாவது சரியில்லைன்னா த்ராட்டிலை மூடி நிறுத்துவேன். 800 அடிக்குக் கீழே எஞ்சின் போனா மூக்கைத் தாழ்த்துவேன், 65 நாட். நேரே போய், இடப்பக்கம் இருக்கிற உழுத நிலம். திரும்ப மாட்டேன்."

"யார்கிட்ட அண்ணா பேசுறீங்க?" என்று தம்பி சிரித்தபடி கேட்கிறார்.

"எனக்கே சொல்லிக்கிறேன்டா. பெல்ட்டைத் தோள்ல இன்னும் கொஞ்சம் இறுக்கு."

800 என்ற எண்ணை அவர் கையேட்டிலிருந்து எடுக்கவில்லை. பயிற்சியில் இழந்த 580 அடிக்கு மேல், அதிர்ச்சிக்கும் தப்புக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது. உழுத நிலமும் குருட்டாம்போக்கில் சொன்னதல்ல. முந்தைய வாரங்களில் அந்த ஓடுபாதையில் இறங்க வரும்போதெல்லாம் மேலிருந்து பார்த்து வைத்திருக்கிறார். நேர் எதிரே மரங்களும் மின்கம்பியும். இடப்பக்கம் முப்பது டிகிரிக்குள் நீளமான நிலம், சால்கள் ஏறக்குறைய ஓடுபாதையின் திசையிலேயே ஓடுகின்றன.

27 நொடி

தரையை விட்டு எழும்பி 34-ஆவது நொடி. உயரம் 350 அடி, வேகம் 74 நாட். ஓடுபாதை முடிந்து அரை கிலோமீட்டர் தாண்டியாகிவிட்டது. வீடியோவில் தம்பி வெளியே வயல்களைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

எஞ்சின் ஒரு முறை இருமுகிறது. ஒரு நொடி சரியாகிறது. மறுபடி இருமல், பிறகு சத்தமே இல்லை. காற்றில் புரொப்பெல்லர் சுழலும் ஓசை மட்டும்.

ஏறும் நிலையில் எஞ்சின் போனால் வேகம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், இழுத்துக்கொண்டிருந்த சக்தி போய்விட்டது, காற்றின் தடையும் எடையும் சேர்ந்து பின்னால் இழுக்கின்றன. நொடிக்கு மூன்று நான்கு நாட் குறைந்துகொண்டே போகும். யோக்கில், அதாவது விமானத்தை ஓட்டும் பிடியில், கை அசையாமல் அப்படியே இருந்தால், ஆறேழு நொடியில் இறக்கை தாங்கும் வேகத்தின் எல்லைக்கு வந்துவிடும்.

அவர் மூன்று நொடி எடுத்துக்கொண்டார். அந்த மூன்று நொடியில் என்ன செய்தார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓடுபாதையைப் பார்த்தேன்" என்றார்.

வீடியோவில் அது தெரிகிறது. தலை இடது தோளுக்கு மேலே பின்பக்கம் திரும்புகிறது. தலையோடு சேர்ந்து கையும் போகிறது. இடது இறக்கை சுமார் 15 டிகிரி தாழ்கிறது. யாரும் முடிவெடுத்துச் செய்ததல்ல அது. பத்திரமான, பழகிய, தட்டையான ஓர் இடம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உடம்பு அதை நோக்கித் தானாகவே திரும்புகிறது. இந்த ஓர் அசைவில்தான் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள்.

அப்போதுதான் சற்று முன் தன் வாயால் சொன்னது காதில் கேட்டதாகச் சொன்னார். "'திரும்ப மாட்டேன்'னு என் குரலே கேட்டுச்சு. அரை நிமிஷம் முன்னாடி சொன்னதுதானே." தலை முன்னால் வருகிறது. யோக்கை முன்னே தள்ளுகிறார். மெதுவாக அல்ல, கண்ணாடி முழுவதும் மண் நிறம் வரும் அளவுக்குத் தள்ளுகிறார். தம்பியின் கைபேசி மடியிலிருந்து மேலே எழும்புகிறது. மிகக் குறைந்த வேகம் 61 நாட். எஞ்சின் நின்ற எட்டாவது நொடியில் 65-இல் நிலைபெறுகிறது, உயரம் 290 அடி. ஏற்கெனவே தாழ்ந்திருந்த இடது இறக்கை விமானத்தை உழுத நிலத்துப் பக்கம் கொண்டுவந்திருந்தது. 25 டிகிரி திரும்பியதும் இறக்கையை நேராக்கிவிட்டார்.

"அண்ணா, என்ன ஆச்சு?"

"எஞ்சின் போச்சு. அந்த நிலத்துல இறங்கப்போறோம். பெல்ட்டை இறுக்கு, காலை உள்ளே இழு."

குரலில் பதற்றம் இருக்கிறது, ஆனால் வார்த்தை தெளிவாக இருக்கிறது. மறுபடி ஓடவைக்க ஒரே ஒரு முயற்சி: கார்புரேட்டர் ஹீட், எரிபொருள் குமிழ் இரண்டு டேங்குக்கும் திறந்திருக்கிறதா, மிக்சர் (எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் குமிழ்) முழுதாக உள்ளே இருக்கிறதா. நான்கு நொடி. எதுவும் நடக்கவில்லை. அத்தோடு விட்டுவிட்டார். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். 300 அடியில் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் விமானத்தை ஓட்ட ஆள் இருக்காது. ரேடியோவையும் தொடவில்லை, தொட நேரமும் இல்லை. முதலில் ஓட்டு, பிறகு திசை, பேச்சு கடைசி என்ற வரிசை இதற்காகத்தான்.

எஞ்சின் நின்ற 27-ஆவது நொடியில் சக்கரம் மண்ணைத் தொட்டது.

திரும்பியிருந்தால்

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிடும் பயிற்சிக் கையேட்டில் ஓர் உதாரணம் உண்டு. 300 அடியில் எஞ்சின் நிற்கிறது. சுதாரிக்க நான்கு நொடி. நொடிக்கு 3 டிகிரி என்ற வழக்கமான வேகத்தில் திரும்பினால் 180 டிகிரிக்கு ஒரு நிமிடம் ஆகும். 65 நாட் வேகத்தில் அந்த வட்டத்தின் ஆரம் 2,100 அடி. அதாவது திரும்பி முடிக்கும்போது ஓடுபாதைக்கு நேராக வந்திருக்க மாட்டோம், 4,200 அடி பக்கவாட்டில் இருப்போம். ஓடுபாதையை நோக்க இன்னும் 45 டிகிரி வேண்டும். மொத்தம் 79 நொடி. நிமிடத்துக்கு 1,000 அடி இறங்கினால் 1,316 அடி போய்விடும். இருந்ததோ 300.

அப்படியானால் இன்னும் செங்குத்தாகச் சாய்த்துத் திரும்பலாமே என்பார்கள். வட்டம் சிறிதாகும், உண்மை. ஆனால் உயரத்தை இழக்காமல் 45 டிகிரி சாய்த்துத் திரும்பும்போது இறக்கை 1.41 மடங்கு எடையைத் தாங்க வேண்டும்; ஸ்டால் வேகம் (இறக்கை விமானத்தைத் தாங்கும் மிகக் குறைந்த வேகம்) 19 சதவீதம் ஏறும். 60 டிகிரியில் எடை இரண்டு மடங்கு, ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடும். அதாவது விமானம் தாங்கும் குறைந்தபட்ச வேகம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது கையிலிருக்கும் வேகம் கீழே போய்க்கொண்டிருக்கிறது. தரை கிட்டத்தில் தெரிவதால் கை தானாக யோக்கை இழுக்கும். இழுத்தால் ஒரு பக்க இறக்கை முதலில் தாங்குவதை விட்டுவிடும். 300 அடியில் அதிலிருந்து மீள முடியாது. புறப்படும்போது உதவிய எதிர்க்காற்று, திரும்பியதும் பின்காற்றாகி ஓடுபாதையைத் தாண்டித் தள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போதிய உயரமும், அந்த விமானத்தில் செய்த பயிற்சியும், ஓடுபாதையின் அமைப்பும் சேர்ந்தால் திரும்பலாம். எந்த உயரம் போதும் என்பது விமானத்துக்கு விமானம், ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தானே மேலே போய் அளந்துபார்த்து, தரையிலேயே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். இவர் அளந்து வைத்திருந்தார். 580 என்று எழுதிய அந்தத் துண்டுத் தாள் இல்லாவிட்டால், வெறும் அறிவுரை அந்த மூன்று நொடியில் நின்றிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நிலத்தில்

கடைசிப் பத்து நொடியில் இரண்டு தவறு நடந்தது. இரண்டையும் அவரே சொன்னார்.

செக்லிஸ்ட்டில் வரிசை இப்படி: மிக்சரை வெளியே இழு, எரிபொருளை மூடு, இக்னிஷனை அணை, தேவையான ஃபிளாப் (மெதுவாக இறங்க உதவும், இறக்கையின் பின் மடல்) போடு, கடைசியாக மொத்த மின்சாரத்தையும் அணைக்கும் மாஸ்டர் சுவிட்ச். தீப்பிடிக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதெல்லாம். ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவதால் மாஸ்டர் கடைசியில் வருகிறது. அவர் 20 டிகிரி ஃபிளாப் போட்டார். பிறகு மிக்சர், எரிபொருள், இக்னிஷன் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அணைக்கும்போது மாஸ்டரையும் அணைத்துவிட்டார். நிலம் கைக்குள் வந்துவிட்டது என்று உறுதியானதும் முழு ஃபிளாப்புக்கு நெம்பினார், ஃபிளாப் நகரவில்லை. 20-லேயே நின்றது.

அது சின்ன விஷயமா என்றால், இல்லை. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதே கையேடு சொல்லும் கணக்கு: மணிக்கு 50 மைல் தரை வேகத்தில் தொட்டு, 9 ஜி அளவில் (புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு) சீராக வேகம் குறைந்தால் நிற்க 9.4 அடி போதும்; 100 மைல் என்றால் 37.8 அடி. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. தொடும்போது சில நாட் குறைந்தாலும் லாபம்தான். எதிர்க்காற்றைப் பார்த்து இறங்கியது இங்கே அந்த லாபத்தைக் கொடுத்தது; 55 நாட்டில் தொட்டாலும் தரை வேகம் 48 அளவில்தான் இருந்தது.

இரண்டாவது, கதவு. மோதினால் சட்டகம் வளைந்து கதவு இறுகிக்கொள்ளும் என்பதால் தொடும் முன் கதவைத் தாழ் நீக்கி வைக்க வேண்டும். மறந்துவிட்டார்.

பின் சக்கரங்கள் சால்களின் வழியே ஓடின. மூக்குச் சக்கரம் இறங்கியதும் ஈர மண்ணில் புதைந்து ஒடிந்தது. புரொப்பெல்லர் மண்ணைக் கிளறி வளைந்தது. தொட்ட இடத்திலிருந்து 50 மீட்டருக்குள், நான்கு நொடியில் நின்றுவிட்டது. கவிழவில்லை, தீ இல்லை. வலது கதவு திறக்கவில்லை. இருவரும் இடது கதவு வழியாக இறங்கி ஓடினார்கள். தம்பியின் தோளில் பெல்ட் அழுத்திய கன்றல், வேறு காயம் இல்லை. ஓடுபாதை முனையில் இறுக்கச் சொன்ன அதே தோள் பெல்ட்.

கண்டறிந்தது

பொறியாளர் இடது டேங்கிலிருந்து ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் எடுத்தார். வலது டேங்கில் இல்லை. வடிகட்டிக் கிண்ணம் தண்ணீரால் நிறைந்திருந்தது, கார்புரேட்டரிலும் தண்ணீர். எஞ்சினில் வேறு பழுது எதுவும் இல்லை.

தண்ணீர் வந்த வழி இடது டேங்க் மூடி. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து, இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. மூடியைச் சுற்றிக் குழிவாக இருப்பதால் மழை நீர் அங்கே தேங்கி, வெடிப்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது. வளையத்தை எனக்குக் காட்டினார். நகத்தால் தொட்டதும் ஒரு துணுக்கு உதிர்ந்தது. கைக்குள் அடங்கும் பொருள். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஐந்து பேரும் அந்த மூடியைத் திறந்து மூடியிருக்கிறார்கள். வளையத்தை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

மாறியதும் மாற வேண்டியதும்

மூடி வளையங்கள் இரண்டையும் மாற்றினார்கள். மழைக்குப் பிறகு யார் முதலில் விமானத்தைத் தொடுகிறாரோ அவர் மூடியைத் திறந்து வளையத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று ஐவரும் பேசி முடிவெடுத்தார்கள். எத்தனை நாள் நின்றது, மழை பெய்ததா என்பதும் இப்போது அதே பக்கத்தில் வருகிறது.

மாதிரி எடுக்கும் முறையை அவர் மாற்றிக்கொண்டார். மூன்று சிறு கண்ணாடிப் புட்டிகள் வைத்திருக்கிறார்; மூன்று மாதிரியையும் வால் இறக்கையின் மேல், வெள்ளை வண்ணத்துக்கு எதிரே வரிசையாக வைத்து, வெளிச்சம் வந்த பிறகுதான் பார்க்கிறார். எரிபொருளுக்கு நிறமே இல்லாத இடங்களில் இது உதவாது. அதற்கு நான் வேறொன்று சொன்னேன்: நல்லதென்று உறுதியாகத் தெரிந்த எரிபொருளை முதலில் கோப்பையில் ஒரு விரல் அளவு விட்டுக்கொண்டு, அதன் மேல் மாதிரியை எடுக்க வேண்டும். வருவது தண்ணீராக இருந்தால் அடிக்குப் போய்க் கோட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் வந்தால் முழுவதும் நீங்கும் வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வால் பக்கத்தை அழுத்தி, இறக்கையை மெல்ல ஆட்டி, சற்று நேரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும், மூலையில் ஒதுங்கிய தண்ணீர் வால்வுப் பக்கம் வர நேரம் பிடிக்கும்.

என் பாடத்தையும் மாற்றினேன். "கோட்டைத் தேடு" என்று இப்போது சொல்வதில்லை. முதல் வகுப்பிலேயே, ஒன்றும் சொல்லாமல், தண்ணீர் நிறைந்த கோப்பையை மாணவர் கையில் கொடுத்து, பறக்கலாமா என்று கேட்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, "சரியா இருக்கு" என்று சொல்பவர்கள் பலர். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. இத்தனை ஆண்டு நாங்கள் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி.

ஃபிளாப், மாஸ்டர் வரிசையை விமானி இப்போது எஞ்சின் அணைந்த விமானத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையால் செய்து பழகுகிறார். கதவைத் தாழ் நீக்கும் வேலையைப் பயணியிடம் ஒப்படைத்துவிட்டார்; புறப்படும் முன்பே சொல்லிவிடுகிறார், ஒரு முறை செய்தும் காட்டச் சொல்கிறார்.

விமானம் சரியாகிப் பறக்க ஐந்து மாதம் ஆயிற்று. மறுபடி முதல் பயணத்துக்குத் தம்பியும் வந்தார். நான் பின் இருக்கையில் இருந்தேன். ஓடுபாதை முனையில் விமானம் நின்றதும், அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே தம்பி தோள் பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டு கேட்டார்:

"அண்ணா, இன்னைக்கு எந்த நிலம்?"